நாயும் நன்றியும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

மெல்பர்ன் புறநகரில் வசிக்கிறோம். மூன்று வாரங்களுக்கு முன், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற நான்கு வயது கிரேஹவுண்ட் நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். கதிர் என்று பெயர் வைத்திருக்கிறோம். வந்த வார இறுதியிலேயே நண்பர்கள் இருபது பேர் பார்க்க வந்தார்கள். அத்தனை கூட்டத்திலும் அசையாமல் நின்றான், எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் மாடிப்படி ஏற மறுக்கிறான், கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்கிறான். சென்ற ஞாயிறன்று, சோபாவில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தவனை என் ஏழு வயது மகள் கட்டிப்பிடித்தபோது உறுமிப் பல்லைக் காட்டினான். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். ஊரில் தாத்தா வளர்த்த சிப்பிப்பாறை நாய்கள் எங்கள்மேல் உயிரையே வைத்திருந்தன. இவனுக்கு எல்லாம் கொடுத்தும் துளி நன்றிகூடக் காட்டவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. படியேற எப்படிப் பழக்குவது? சைவ உணவு கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

படியேறப் பழக்குவது பெரிய வித்தையில்லை. பந்தய நாய்களின் கொட்டடிகள் தரைமட்டத்தில் இருப்பவை. அவன் இதற்கு முன் படியையே பார்த்திருக்க மாட்டான். படிகளில் வழுக்காத விரிப்பைப் போட்டு, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நின்று, அவன் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டுங்கள். கண்ணாடிக் கதவில் அவன் கண் உயரத்தில் காகிதப் பட்டை ஒட்டுங்கள். உணவைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அவர் கிரேஹவுண்டுகளைப் பார்த்துப் பழகியவராக இருக்கட்டும். இந்த இனத்துக்குச் சிவப்பணுக்கள் மிகுதி, தைராய்டு அளவு இயல்பாகவே குறைவு, சில மயக்க மருந்துகள் உடலைவிட்டு நீங்க நெடுநேரம் ஆகும்.

உங்கள் கேள்விகளுக்கு இவ்வளவு போதும். நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசு நாய்ப் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தபோதே, ஆயிரக்கணக்கான நாய்கள் இனி எத்தகைய வீடுகளுக்குப் போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனமும் தவறான எதிர்பார்ப்பும் ஒருங்கே கொண்ட வீடுகளுக்கு என்று உங்கள் கடிதம் பதில் சொல்லிவிட்டது.

முதலில் அந்த உறுமலைப் பார்ப்போம். கிரேஹவுண்டுகளில் பல கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே உறங்கும். உங்கள் மகள் கட்டிப்பிடித்தது, பெரும்பாலும், ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்த ஒரு பிராணியை. பந்தயக் கொட்டடியில் அது தனியறையில் படுத்திருக்கும். ஆள் வருவதற்கு முன் காலடியோசை கேட்கும், தாழ்ப்பாள் சத்தமிடும், பக்கத்து நாய்கள் குரைக்கும். உறக்கத்தில் ஒரு கை தன்மேல் விழுவது என்பதை அது வாழ்நாளில் அறிந்திருக்காது. நான்கு வருடம் அப்படிப் படுத்துப் பழகியதன் மேல் ஒரு குழந்தை திடீரென்று சாய்ந்தால், முழுதாக விழிப்பதற்கு முன்பே பல் வெளிவரும். அதைத் துர்க்குணம் என்று சொல்லாதீர்கள். தயவுசெய்து, அந்த உறுமலுக்காக அவனைத் திட்டவோ அடிக்கவோ செய்யாதீர்கள். உறுமல் எச்சரிக்கை, எச்சரித்ததற்குத் தண்டனை பெற்ற நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

மெல்பர்னில் என் அக்கா வீட்டிலும் இப்படி ஓய்வு பெற்ற நாய் ஒன்று இருந்தது. அங்கே நான் தங்கியிருந்த குளிர்காலத்தில், அதன் மெல்லிய தோலுக்கு இரவில் கம்பளிச் சட்டை போட வேண்டியிருந்தது. நாய் படுத்திருந்தால், எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது தலையைத் தூக்கி எழுந்து வந்த பிறகுதான் சட்டையைப் போட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். விருந்தினர்கள் சிரிப்பார்கள், அக்கா சிரிக்க மாட்டாள். அவளுடைய பேரன் பேசத் தொடங்கிய வயதிலேயே, நாயைத் தாண்டிப் போகும்போது தூரத்திலிருந்தே அதன் பெயரைக் கத்திவிட்டுத்தான் போவான். அந்தக் குழந்தைக்குப் புரிந்தது ஏழு வயதுப் பெண்ணுக்குப் புரியாதா? அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாயையும் அவளையும் பெரியவர் யாரும் இல்லாமல் தனியே விடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து அந்த இருபது பேர். என்ன நினைத்துக்கொண்டு அழைத்தீர்கள்? அவன் அசையாமல் நின்றது அமைதியால் அல்ல. என்ன செய்வதென்று தெரியாமல் உறைந்துபோய் நின்றிருக்கிறான். அதைப் பார்த்து எல்லோரும் பாராட்டியிருக்கிறீர்கள்! மெல்பர்னின் சாண்டவுன் பார்க் நாய்ப் பந்தய ஓடுபாதையில் 515 மீட்டரை ஏறக்குறைய 30 விநாடியில் ஓடி முடித்து, வண்டியேறிக் கொட்டடிக்குத் திரும்பி, குறித்த நேரத்தில் உண்டு, குறித்த நேரத்தில் வெளியே விடப்பட்டு வாழ்ந்த நாய் அது. அந்த வாழ்க்கையை நான் நியாயப்படுத்தவில்லை. ஓடும் நாய்களை வெறியேற்ற உயிருள்ள விலங்குகளைத் தூண்டிலாகக் கட்டியது 2015-இல் தொலைக்காட்சியில் அம்பலமானதும், நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு 2016 ஜூலையில் பந்தயத்துக்குத் தடை அறிவித்து அக்டோபரிலேயே பின்வாங்கியதும் உங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தக் கொடுமைக்குள்ளும் நாய்க்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நீங்கள் அதைப் பறித்துவிட்டு, முழு வீட்டையும் திறந்துவிட்டு, சுதந்திரம் கொடுத்துவிட்டதாக நினைக்கிறீர்கள்.

இனி நன்றிக்கு வருகிறேன். நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கிய நாம், பெரியவர்களான பிறகும் நாயிடம் அந்த மதிப்பெண்ணை வசூலிக்க நிற்கிறோம். உங்கள் தாத்தாவின் சிப்பிப்பாறையும் பார்வையால் வேட்டையாடும் இனம்தான். உடலமைப்பில்கூட நெருக்கம் உண்டு. ஆனால் அது குட்டியிலிருந்தே உங்கள் வாசலில், உங்கள் மனிதர்களின் காலடியில் வளர்ந்தது. அதன் பிரியத்தை இவனிடம் மூன்று வாரத்தில் கேட்பது, நேற்று வந்த மருமகளிடம் இருபது வருடப் பாசத்தைக் கேட்கும் மாமியாரின் நியாயம். நீங்கள் காப்பாற்றினீர்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவனை நீங்கள் விரும்பித்தான் அழைத்து வந்தீர்கள். அவன் உங்களிடம் கடன் வாங்கவில்லை.

உங்கள் கணவரின் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. குழந்தை உள்ள வீட்டில் பயப்படுவது நியாயம். தத்துக் கொடுத்தவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். உறக்கத்தில் தொடுவதை நிறுத்திய பிறகும் உறுமல் தொடர்ந்தால், திருப்பிக் கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. அதற்கு முன், சோபாவை விடுத்து ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் அவனுக்கு ஒரு தடித்த மெத்தை போடுங்கள். அங்கே யாரும் அவனை நெருங்கக்கூடாது. உணவும் நடையும் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். வெளியே போகும்போது வாரை மட்டும் ஒருபோதும் அவிழ்க்காதீர்கள். பூனையைக் கண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் எடுத்தவன், கதிர் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான்.

விருந்தினர்களைச் சில மாதங்களுக்கு வேறெங்காவது சந்தியுங்கள். மெத்தையை மாற்றிய பின் உங்கள் மகள் எப்படி நடந்துகொள்கிறாள் என்று எழுதுங்கள். நாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அதிலிருந்தே நான் ஊகித்துக்கொள்வேன்.