கண்ணில் கோளாறு, இரத்தத்தில் சோதனை

கேள்வி: 62 வயதான என் கணவருக்குக் காலையில் கண் விழித்தபோது வலக்கண்ணில் பார்வையின் கீழ்ப்பாதி மங்கியிருந்தது, வலி இல்லை. பார்வை நரம்பு வீங்கியுள்ளது என்ற மருத்துவர், இரத்தப் பரிசோதனை கேட்பது ஏன்?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: நரம்பின் முன்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம்; அதற்குப் பின்னணியாகச் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவை இருக்கக்கூடும். ஆனால் 50 வயதைக் கடந்தவரிடம் முதலில் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டியது, நம் நாட்டில் அரிதே எனினும், தலைத் தமனிகளின் (இரத்தக் குழாய்களின்) சுவர் வீங்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் தமனி அழற்சியைத்தான். புதிய தலைவலி, மெல்லும்போது தாடை வலி, தலை வாரும்போது நோவு இருந்தால் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் உயர்ந்து ஐயம் வலுத்தால், தமனியின் சிறு துண்டை எடுத்துச் செய்யும் திசுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவார்கள், ஏனெனில் மறு கண்ணும் சில நாட்களில் பறிபோகலாம். பரிசோதனை தாமதமாகுமெனில், எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.