நிபுணர் குழு சொன்னால் அமைச்சர் கேட்டே ஆக வேண்டுமா? – கேள்வி பதில்

இலங்கைச் சுகாதார அமைச்சின் நிருவாகப் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. ஆலோசனைக் குழுக்களுக்குக் கோப்பு தயாரிப்பதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும்தான் என் தொழில். எனவே மருந்து மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், மற்றக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ரஞ்சனி, வெள்ளவத்தை: ஐயா, கிளினிக்கில் பிள்ளைகளுக்கு எந்தத் தடுப்பூசி போடுவது என்று முடிவெடுப்பது யார்? அமைச்சரா, டாக்டர்மாரா?

தொற்று நோய்களுக்கான ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. குழந்தை மருத்துவர்கள், நுண்ணுயிரியல் நிபுணர்கள், சமுதாய மருத்துவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். காலாண்டுக்கு ஒருமுறை கூடும். அதற்கு வேண்டிய தரவைத் திரட்டுவதும், முடிவானதை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் வரை கொண்டுபோவதும் டி சேரம் பிளேசில் உள்ள தொற்றுநோயியல் பிரிவு. காசு ஒதுக்குவது அமைச்சு. ஆனால் இந்தக் குழுவைத் தாண்டி ஓர் ஊசி அட்டவணைக்குள் நுழைவது கஷ்டம்.

2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி என்று பென்டாவேலன்ட் வந்தது. ஊசி போட்ட பின் சில குழந்தைகள் இறந்ததாக முறைப்பாடு வந்ததும் ஏப்ரலில் நிறுத்தினார்கள். வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து ஆராய்ந்த பிறகு, 2010இல்தான் மீண்டும் தொடங்கியது. அவசரமாக நிறுத்தி, ஆறுதலாகத் தொடங்கியதுதான் சரி என்பது என் எண்ணம். தாய்மார் ஊசியை நம்பாமல் போனால் குழு என்ன சொல்லி என்ன பிரயோசனம்?

சிவா, தெஹிவளை: குழு ஒன்றைச் சொன்னால் அமைச்சருக்கு அது கட்டாயமா?

எந்தக் குழு என்பதைப் பொறுத்தது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தை எடுங்கள். அதன் கீழ் உணவு ஆலோசனைக் குழு இருக்கிறது. ஒழுங்குவிதி போடுமுன் அமைச்சர் அதைக் கலந்தாலோசிக்க வேண்டும். கேட்பதுதான் கட்டாயம், ஏற்பது அல்ல. அமைச்சர் ஒரு கடிதத்தில் நியமிக்கும் தற்காலிகக் குழுக்களுக்கு அதுகூட இல்லை. இன்று இருக்கும், நாளை கலையும்.

இங்கிலாந்தில் தடுப்பூசிக் குழுவிடம் அமைச்சர் கேள்வி கேட்டு, அது செலவுக்கேற்ற பலன் உண்டு என்று பரிந்துரைத்துவிட்டால், 2009 விதிகளின்படி அவர் அதை நிறைவேற்ற வேண்டும். அமெரிக்காவில் 2025 ஜூனில் சுகாதாரச் செயலாளர் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் ஒரே நாளில் நீக்கினார். கதிரையை யார் கொடுக்கிறார்கள், யார் பறிக்கலாம் என்பதை முதலில் பாருங்கள். அங்கத்தவர்களின் பட்டங்களை அப்புறம் பார்க்கலாம்.

பர்ஹான், கிராண்ட்பாஸ்: அப்படியென்றால் கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை, அதாவது எங்கள் முஸ்லிம்களின் உடல்களை, எரித்தபோது நிபுணர்கள் எங்கே போனார்கள்?

எங்கும் போகவில்லை தம்பி, அங்கேயேதான் இருந்தார்கள். அதுதான் வேதனை.

2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அப்போதே சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்று ஒரு குழு சொன்னதைப் பிடித்துக்கொண்டு அரசாங்கம் நின்றது. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களும் அந்த டிசம்பரில் விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாகின. பிறகு இன்னொரு நிபுணர் குழு நியமிக்கப்பட்டது. அது அடக்கம், எரிப்பு இரண்டையும் அனுமதிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. 2021 ஜனவரியில் அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, பழைய நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை என்றார். புதிய குழுவைத் தள்ளிவிட்டு முந்திய குழுவைக் காட்டினார். இரண்டு குழு இருந்தால் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் வசதி வந்துவிடுகிறது. பெப்ரவரி இறுதியில் புதிய வர்த்தமானி வந்தது, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. இடையில் விஞ்ஞானம் எதுவும் மாறவில்லை, உள்ளேயும் வெளியேயும் இருந்து வந்த அழுத்தம்தான் கூடியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

முதல் குழுவின் ஆதாரங்களை ஆரம்பத்திலேயே பகிரங்கமாக வைத்திருந்தால், வெளியிலுள்ள நுண்ணுயிரியல் பேராசிரியர்கள் அதை ஒரு வாரத்தில் கேள்விக்கு உட்படுத்தியிருப்பார்கள். மூடிய அறைக்குள் சொல்லப்படும் ஆலோசனை அமைச்சருக்குக் கேடயமாகும், மக்களுக்கு உதவாது.

மாலினி, கொட்டாஞ்சேனை: கம்பனிக்காரர்களும் இந்தக் குழுக்களில் இருப்பார்களா அண்ணா?

புகையிலை என்றால் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003இல் ஆசியாவில் முதலில் ஏற்றுக்கொண்ட நாடு நாம். கொள்கை வகுப்பதில் கம்பனிகளின் கை படக்கூடாது என்று அதன் 5.3 உறுப்புரை சொல்கிறது. அதனால் அவர்கள் நீதிமன்ற வழியாக வருவார்கள். சிகரெட் பெட்டியில் 80 சதவீதம் எச்சரிக்கைப் படம் என்று 2012இல் ஒழுங்குவிதி வந்தது. வழக்கில் அது 50 முதல் 60 சதவீதமாகச் சுருங்கியது. 2015இல் சட்டத்தையே திருத்தி 80 ஆக்கினார்கள். குளிர்பானப் போத்தல்களில் 2016 முதல் பார்க்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் உணவுச் சட்டத்தின் கீழ் வந்தவை. உணவு விடயத்தில் உற்பத்தியாளர்களிடம் கருத்துக் கேட்பது நியாயம்தான், வாக்குக் கொடுப்பதைத்தான் நான் எதிர்ப்பேன்.

கிருபா, மட்டக்குளி: இந்தக் குழுக்காரர்களுக்கு நல்ல காசோ?

சட்டப்படி அமைந்த சில சபைகளில் கூட்டப்படி உண்டு. நான் இருந்த கூட்டங்களில் நிச்சயமாகக் கிடைத்தது தேநீரும் மாலுபாணும்.

ஜெயந்தி, பம்பலப்பிட்டி: எங்களைப் போன்றவர்கள் கருத்துச் சொல்ல வழி இருக்கிறதா? தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமை. வரைவுக் கொள்கைக்குக் கருத்துக் கேட்டால், "எதிர்க்கிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பந்தி, என்ன மாற்றம், என்ன காரணம் என்று எழுதுங்கள். பந்தி இலக்கம் இருந்தால் எங்களைப் போன்ற குறிப்பெழுதும் ஆட்கள் அதை அட்டவணையில் ஏற்றியாக வேண்டும். பொத்தாம் பொதுவான கடிதம் கோப்பின் கடைசிக்குப் போய்விடும்.

முடிவு வந்தபிறகு என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அமைச்சின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் மழுப்பல் பதில்தான் வரும். குழுவின் பெயர், அங்கத்தவர் பட்டியல், கூட்டக் குறிப்பு, அமைச்சருக்குப் போன பரிந்துரைக் கடிதம் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தைக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் கவுண்டரை விட்டு வராதீர்கள்.