காட்டுப் பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வையுங்கள், அண்ணா

அண்ணா, நேற்று நீங்களும் அண்ணியும் பாப்பாவும் வந்துவிட்டுப் போனதிலிருந்து உங்கள் பையில் இருந்த அந்தக் காட்டுப் பத்திரம்தான் என் நினைவில் நிற்கிறது. இரண்டு முறை நீட் எழுதியும் பாப்பாவுக்கு இடம் கிடைக்கவில்லை. காட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்கிறார் உங்கள் அண்ணன். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது தப்பு. அடமானம் வைக்காதீர்கள் என்று அப்போதே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்.

அங்கே படித்துத் திரும்புகிறவர்கள் இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும். சமீப ஆண்டுகளில் அதை எழுதியவர்களில் பாதிக்கு மேல் தேறவில்லை. ஆசைப்பட்டுப் போகிற பிள்ளைக்கே அது பெரும்பாடு. நேற்று ஒரு மணி நேரத்தில் பாப்பா ஒரு தடவைகூட டாக்டர் ஆகணும் என்று சொல்லவில்லை.

அவள் பேசியது ஒரத்துப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அம்மிச்சி வீட்டைப் பற்றி. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த அணையில் திருப்பூர் சாயத்தண்ணி வந்து தேங்கியதையும், அம்மிச்சி வீட்டுக் கிணறு உப்புக் கரித்ததையும் சொன்னாள். பிறகு கேட்டாள்: "சாயத்தைத் தின்னுற பாக்டீரியா இருக்குதாமே, அதை எங்க போய்ப் படிக்கறது?" அந்த நேரம் உங்களுக்கு போன் வந்துவிட்டது. நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

பருத்தித் துணிக்குப் போடும் சாயம் முழுக்கத் துணியில் ஏறாது, ஒரு பங்கு தண்ணீரிலேயே தங்கிவிடும். இந்தச் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த ஒரு பிணைப்பு அவற்றின் நிறத்துக்கு அடிப்படை. காற்றுப் புகாத தொட்டியில் சில பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடும், நிறம் போய்விடும். ஆனால் விஷம் போய்விடாது. அறுந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள், அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அதனால் அதே தண்ணீரை ஏரேஷன் டேங்குக்கு அனுப்பி, காற்று ஊதி, வேறொரு நுண்ணுயிர்க் கூட்டத்தை வைத்து அமீன்களைச் சிதைக்க வேண்டும். அங்கேயும் பிடிவாதமாக நிற்கும் அமீன்கள் உண்டு. நிறம் போனதைக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு நடுவில், மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

அன்றாட வேலையையும் சொல்கிறேன். காலையில் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து அளவுக் குடுவையில் அரை மணி நேரம் வைத்து, கசடு எவ்வளவு படிகிறது என்று பார்ப்பார்கள். ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது நூல்நூலான பாக்டீரியா பெருகியிருந்தால், கசடு சீக்கிரம் படியாது என்று முன்னமே தெரிந்துவிடும். பட்டறையிலிருந்து பிளீச்சிங் தண்ணீர் அளவுமீறி வந்தால் கூட்டமே செத்துப்போகும். தீனி பற்றாவிட்டால் யூரியாவும் டிஏபியும் போடுவார்கள். புதுத் தொட்டியைத் தொடங்கச் சாணம் கரைத்து ஊற்றுவதும் உண்டு. மாடு கன்று வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்காது.

ஒன்றை மறைக்க மாட்டேன். பாக்டீரியா உப்பை எடுக்காது. அம்மிச்சி கிணற்றைக் கரிக்க வைத்தது அந்த உப்புதான். அதை எடுக்க, மெம்பரேன் என்கிற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ.வும், மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் வேண்டும். ஆனால் பாக்டீரியாத் தொட்டி சரியாக ஓடாவிட்டால் ஆர்.ஓ. மெம்பரேன் அடைத்துக்கொள்ளும், செலவு எகிறும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாமல் பட்டறை ஓட்டியாக வேண்டிய ஊர் இது. உங்கள் மகளுக்கு வேலை தேடிக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

படிப்புக்கு வருகிறேன். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, கூடவே வேதியியலை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் லேபில் சின்னச் சம்பளம்தான், ஆகவே எம்.எஸ்சி. வரை ஐந்து வருடக் கணக்குப் போடுங்கள். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது. ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை வந்தால் நாக்பூரில் தலைமையிடம் கொண்ட நீரி என்கிற தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. பயோடெக் என்ற பெயருக்காக எங்கேயும் நன்கொடை கட்டாதீர்கள். மூன்றாவது முறை நீட் எழுதுவது பாப்பா தானாகக் கேட்டால் மட்டும்.

வேலைக்குப் போகும் நாளில் அவளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: கசடுத் தொட்டிக்குள் யார் சொன்னாலும் இறங்கக் கூடாது. அங்கே தேங்கும் வாயு ஆளைக் கொல்லும்.

சனிக்கிழமை மார்க்‌ஷீட்டோடு பாப்பாவைக் கூட்டி வாருங்கள். அண்ணனும் வரட்டும், அவரிடம் நானே பேசுகிறேன். பத்திரம் மட்டும் வீட்டில் இருக்கட்டும்.