அப்பாவின் நினைவு மலரில் என்ன எழுதுவது?

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா காலமாகி ஒன்பது நாள். 31ஆம் நாள் அமுது படைக்கும் சடங்குக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும், வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு இவருடையது. அச்சகத்தில் ஒரு பழைய மலரைக் கையில் கொடுத்து, பெயரையும் திகதியையும் மாற்றித் தந்தால் போதும் என்றார்களாம். "அப்பா படிச்ச ஆளும் இல்ல, பதவியில இருந்த ஆளும் இல்ல. முப்பது வருசத்துக்கு மேல சில்லறைக் கடை. கடை விட்டா வீடு, வீடு விட்டா கடை. ரெண்டு பக்கத்துக்கு என்னத்த எழுதுற?" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் அந்தப் பழைய மலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஊர் போற்றும் உத்தமர், பண்பின் சிகரம், கொடை வள்ளல் என்று அதில் இருப்பதெல்லாம் எந்த மனிதருக்கும் பொருந்தும், அதனாலேயே உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. ஒரு கடைக்காரர் முப்பது வருடமாக ஒவ்வொரு நாளும் என்ன செய்தார் என்று எழுதினால் இரண்டு பக்கம் போதாமல் போகும்.

கடன் கொப்பிகளைத் தேடி எடுங்கள். மேசை லாச்சியிலோ பரணிலோ பழையவை கிடக்கும். நம்முடைய வயல் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் பெரும்போகம் விதைத்துவிட்டால் வீட்டில் காசு இருக்காது, அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கொப்பியில்தான் ஏறும், மாசி பங்குனியில் சூடடித்து நெல் விற்ற பிறகுதான் கணக்குத் தீரும். வெள்ளம் வயலைக் கொண்டுபோன வருடத்தில் அந்தக் கணக்கை அப்பா என்ன செய்தார்? அடுத்த போகத்துக்குத் தள்ளினாரா, குறுக்கே கோடு போட்டுவிட்டாரா? கொப்பியே சொல்லும். ஆனால் ஒன்று, கடன்பட்டவர்களின் பெயரோ தொகையோ மலரில் வரவே கூடாது. அப்பா வாய்விட்டுக் கேட்காத கடனை மகன் அச்சில் போட்டுக் கேட்டதாகிவிடும்.

அப்புறம் ஆட்களிடம் கேளுங்கள், இந்த மாதத்துக்குள்ளேயே. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தாங்களாகவே பேசுவார்கள், போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுசன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கடையை எத்தனை மணிக்குத் திறப்பார், காலையில் முதல் ஆளாக யார் வருவார், எதற்குக் கோபம் வரும், கடைசியாக அவரோடு எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று கேளுங்கள். கடையில் சின்ன வயதில் நின்ற பையன்கள், லொறி ஓட்டினவர், பக்கத்துக் கடைக்காரர், எல்லோரும் வேண்டும். அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ அவர் மொத்தமாகச் சாமான் எடுத்த முதலாளிமாரை விட்டுவிடாதீர்கள். அவர்களில் பலர் முஸ்லிம்களாக இருப்பார்கள். யுத்த நாட்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போகப் பயந்த காலத்தில் சாமான் எப்படி வந்தது, காசு எப்படிப் போனது, யாரை நம்பிக் கொடுத்தார்கள் என்பது உங்கள் வீட்டில்கூடத் தெரியாத கதையாக இருக்கலாம்.

திகதி தெரியவில்லை என்று தவிக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு இருந்தால் பாருங்கள், ஆனால் கடை அதற்கு முன்பே தொடங்கியிருக்கக் கூடும். வயதானவர்களிடம் 1978 நவம்பர் சூறாவளிக்கு முன்னா பின்னா, 1990இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது கடை இருந்ததா, 2004 சுனாமிக்குப் பிறகு எப்போது திரும்பத் திறந்தது என்று கேட்டால் வருடம் தானாக வந்து நிற்கும்.

"பாசமிகு தந்தை" என்ற வரியையும் எடுத்துவிட்டு நடந்ததை எழுதுங்கள். நம் பக்கத்தில் ஒரு தகப்பனின் வாழ்க்கையில் பாதி, பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டுவதிலேயே போகிறது. குடியிருந்த வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்று போட்டு அங்கே போய் இருப்பார்கள், பிறகு அடுத்தவளுக்கு அத்திவாரம். அக்காமாரின் வீடுகளுக்குச் சீமெந்து எந்தெந்த வருடம் எப்படிச் சேர்ந்தது என்று அம்மாவிடம் கேட்டால் சொல்வார். அம்மா பேசும்போது அவசரப்படுத்தாமல் பக்கத்தில் இருங்கள். சீனியும் பருப்பும் நிறுத்துப் பை கட்டியது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். அதையும் எழுதுங்கள், கடை இருவருடையதும்தானே.

எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன். கொடை வள்ளல் என்பதற்குப் பதிலாக இப்படி: "ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது கொப்பி, பென்சில் வாங்க வரும் பிள்ளையிடம் காசு குறைந்தால், 'மிச்சத்த அம்மாட்ட வாங்கிக்கிறன் மகள், நீ போ' என்பார். எந்த அம்மாவிடமும் அவர் வாங்கியதில்லை." இப்படி உண்மையில் நடந்தவை நான்கு கிடைத்தால் போதும். முன்கோபக்காரர் என்றால் அதையும் ஒரு வரி எழுதலாம், வாசிக்கிறவர்கள் "ஓம், அவரேதான்" என்பார்கள். காணிப் பிரச்சினை, அண்ணன் தம்பி மனக்கசப்பு மட்டும் வேண்டாம்.

வம்சவழி போடுவதென்றால் தாய்வழியைத் தவறவிடாதீர்கள். இங்கே குடி என்கிற குலப் பிரிவு தாய்வழியில்தான் வருகிறது, அச்சக மாதிரியில் பெரும்பாலும் தகப்பன்வழி மட்டுமே இருக்கும். திதியைக் குருக்களிடம் கேட்டு எழுதுங்கள், வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் கேளுங்கள், இரண்டுக்கும் நேரம் வித்தியாசப்படுவதால் சில நாட்களில் திதியே மாறிவிடும், ஆண்டுத் திவசத்துக்கு இதுதான் கணக்கு.

அச்சு வேலையில் இரண்டு மூன்று விஷயம். நடுவில் பின் அடிக்கிற மலருக்குப் பக்கம் நான்கின் மடங்காக, 16, 20 என்று வர வேண்டும். படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள், அல்லது ஒரிஜினலையே கொண்டுபோய் ஸ்கேன் செய்யுங்கள். நீங்கள் யூனிகோடில் எழுதியதை அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்களானால் மாற்றிய பிறகு முழுவதையும் மறுபடி வாசியுங்கள். "ஐயா" என்பது "ஜயா" ஆகி நிற்கும் மலர்கள் எத்தனையோ. கடைசிப் புரூவை வெளி ஆள் ஒருவர் பார்க்கட்டும், பேரப்பிள்ளைகளின் பெயர்களை மட்டும் அவரவர் தாய் தகப்பனிடமே காட்டுங்கள். 24, 25ஆம் நாளுக்குள் அச்சுக்குப் போய்விட வேண்டும்.

அடித்து முடிந்ததும் பீடிஎஃப் கோப்பை அச்சகத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். அவர்கள் இணையத்தில் நினைவு மலர்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள், கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்களும் அங்கே வாசிக்கலாம். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.