மார்கழிக் குளிரில் வைக்கோல் போர்ப் பாம்பு தானாகச் செத்துவிடுமா? (குடியாத்தம்)

சாகாது. அமெரிக்காவின் புளோரிடாவில் குளிரில் பாம்புகள் செத்ததாக நீங்கள் படித்த செய்தி உண்மைதான்: 2010 ஜனவரிக் கடுங்குளிரில், ரேடியோ கருவி பொருத்திக் கண்காணித்த 10 பர்மிய மலைப்பாம்புகளில் 9 செத்தன. ஆனால் அங்கேயே இனம் ஒழியவில்லை. குடியாத்தம் குளிரோ உறைநிலைக்குப் பக்கத்தில்கூட வராது.

உங்கள் போரில் பாம்பு இப்போது கண்ணில் படவில்லை என்றால், அதற்குக் காரணம் எலி வளைக்குள் முடங்கியிருப்பதாக இருக்கலாம். பொழுது சாய, போரடியில் உள்ள வளை வாயில் சலித்த சாம்பலை மெல்லியதாகத் தூவுங்கள். விடிந்ததும் எலிக்கால் தடம் தெரிந்தால் இரை இருக்கிறது, போரை இடம் மாற்றுங்கள். நெளிந்த கோடு தெரிந்தால் தொடாமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

தடம் இல்லையென்றாலும், பாம்பு இல்லை என்று நம்பிப் போருக்குள் கையை நுழைக்காதீர்கள். குளிரில் நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். மந்தமான கண்ணாடிவிரியனும் கடிக்கும்.