ஆலன் ராம்சே வரைந்த பிரபுக்களின் பட்டாடையை வரைந்தது வேறு ஒருவரா?

ஆமாம், பல படங்களில். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1713-இல் பிறந்த உருவப்பட ஓவியர் ராம்சே, இத்தாலியில் படித்துவிட்டு 1738-இல் லண்டனில் கடை விரித்தவர். அவருக்குத் துணி ஓவியர் ஒருவர் இருந்தார், பெயர் ஜோசப் வான் ஏக்கன். துணி ஓவியர் என்றால் படத்தில் உடையை மட்டும் வரைபவர்.

காரணம் நேரம்தான். பிரபு வந்து உட்காரும் கொஞ்ச நேரத்தில் முகத்தைப் பிடித்தாக வேண்டும், பட்டின் மடிப்பும் லேஸின் ஓட்டையும் அவர் போன பிறகு நிதானமாக வரையலாம், அதற்கு ஆளே வேண்டாம், கவுன் இருந்தால் போதும். தையல் கடையில் மாஸ்டர் அளவெடுத்து வெட்டுவார், தைப்பவர் உள்ளே மிஷினில் இருப்பார் இல்லையா, அதே கதை. வேடிக்கை என்னவென்றால், போட்டியாளர் தாமஸ் ஹட்சனுக்கும் இதே வான் ஏக்கன்தான்! அதனால்தான் இருவர் படங்களிலும் சீமாட்டிகள் அக்கா தங்கை போல உடுத்தியிருப்பார்கள்.

1749-இல் வான் ஏக்கன் இறந்தார். அப்புறம் ராம்சே பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஓவியரானார். முடிசூட்டுப் படத்துக்கு அவ்வளவு கேட்பு, பிரதிகளை உதவியாளர்களே வரைந்து தள்ளினார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அன்றைக்கு அது ஊரறிந்த தொழில் வழக்கம்.