விடியல் படம் அனுப்புவதை நிறுத்துங்கள்

கேள்வி: என் தங்கை குடியாத்தத்தில் இருக்கிறாள். கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இரண்டு வருஷம் டயாலிசிஸ் செய்தும் போன வருஷம் இறந்துவிட்டார். பீடி சுற்றித்தான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். இப்போது ஜெபம் இல்லை, ஆராதனைக்கு வருவதும் இல்லை. 'ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார்' என்கிறாள். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன், அதையும் திறந்து பார்ப்பதில்லை. கடவுளின் மாறாத அன்பை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தினமும் வசனம் அனுப்புவதைச் சொல்லியிருக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடியாத்தம் போனீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. காட்பாடியிலிருந்து குடியாத்தம் என்ன, கடல் கடந்தா இருக்கிறது?

நீங்கள் அனுப்புவது எதுவென்று ஊகிக்க முடிகிறது, எனக்கும் தினம் நாலு வருகிறது. உதிக்கிற சூரியன், ஓரத்தில் ரோஜா, நடுவில் 'அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்'. வேதாகமத்தில் புலம்பல் புத்தகம், மூன்றாம் அதிகாரம், 22, 23. நல்ல வசனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பாபிலோன் படை எருசலேமைக் கொளுத்தி, பசியில் பிள்ளைகள் தெருவிலேயே சுருண்டு விழுந்ததைப் பார்த்த ஒருவரின் வாயிலிருந்து வந்தது அது. அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால் இருபது வசனம் ஒரே குமுறல்: என் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார், கரடி மாதிரி எனக்காகப் பதுங்கியிருந்தார், கல்லால் என் பல்லை நொறுக்கினார். உங்கள் தங்கை சொன்னது இதில் கால்வாசிகூட இல்லை! சூரியன் படம் போடுகிறவர்கள் அந்த இருபதையும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஐந்து அதிகாரமும் முடிகிற இடத்தில்கூட 'எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ' என்ற கேள்விதான் நிற்கிறது, பதில் இல்லை. வேதத்திலேயே இதற்கு இடம் இருக்கும்போது உங்கள் தங்கைக்கு மட்டும் ஏன் இல்லை?

என்னைக் கேட்டால் அவள் நம்பிக்கையை விடவில்லை. கைவிட்டார் என்று சொல்ல வேண்டுமானால் ஒருகாலத்தில் பிடித்திருந்தார் என்று நினைவிருக்க வேண்டும். அவரோடு அவளுக்குச் சண்டை, அவ்வளவுதான். நடுவில் நீங்கள் ஏன் வக்கீல் வேலை பார்க்கிறீர்கள்?

அப்புறம் அந்த 23ஆம் வசனத்தின் பின்பாதி, 'உமது உண்மை பெரிதாயிருக்கிறது'. அங்கே எபிரெயத்தில் உள்ள சொல் எமுனா. நாம் சொல்லும் ஆமென் பிறந்த அதே வேர். வேதத்தில் அந்தச் சொல் முதலில் வரும் இடம் யாத்திராகமம் 17: அமலேக்கு கூட்டத்தாரோடு யுத்தம் நடக்கிறது, மோசே உயர்த்திப் பிடித்த கை கடுத்துப்போகிறது, ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று தாங்குகிறார்கள், பொழுது சாயும்வரை கை 'நிலையாக' இருந்தது என்று வருகிறதே, அந்த நிலைதான் எமுனா. அன்றைக்கு ஆரோன் வசனம் எதுவும் சொன்னதாக இல்லை, கையைப் பிடித்தார்.

நம்ம வேலூரிலேயே பார்க்கலாம். சிஎம்சி மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுத்துவிட்டார். கூட இருந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய ஒரு வேலையை அவர் முன்னால் வைத்தார்: தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை. சக்கர நாற்காலியில் இருந்தே செய்தார் அந்த அம்மா. 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்ததும் அவர் முயற்சியால்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறுங்கள். கையில் பிரசங்கம் வேண்டாம், அரிசி இருக்கட்டும். மகளிர் குழுக் கடன் எவ்வளவு பாக்கி, டயாலிசிஸ் சமயத்தில் வட்டிக்கு வாங்கியது எவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள், அதில் உங்களால் முடிந்ததை அங்கேயே ஒத்துக்கொள்ளுங்கள். அவள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், இலையில் தூளை வைத்து உருட்டிக்கொண்டேதான் பேசுவாள். ஆண்டவரைத் திட்டலாம், உங்களையும் திட்டலாம். வசனம் நாக்கு நுனிக்கு வரும், விழுங்கிவிடுங்கள். அன்று ராத்திரி அங்கேயே தங்குங்கள். மறுநாளைக்கு இலை நனைக்கிற வேலை இருக்கும், தண்ணீரை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.